கங்காணியின் ஊளை

ஜெயராணி சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். எடுத்த கையோடு திரும்பிவந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குள் வாசலுக்கு ஓடிப்போய் நின்றிருந்த நாய்க்குட்டி குழம்பிப்போய் அவளைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை. பழைய வாரப் பத்திரிகை ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை செய்தாள். குட்டி அலுத்துப்போய்க் காலடியில் வந்து சுருண்டதும் எழுந்து சாவியை மறுபடி ஆணியில் மாட்டினாள். காலையிலிருந்து இதே வேலைதான். செருப்பை மாட்டுவது, கழற்றுவது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிப்பது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, எதையோ மறந்தவள்போல உள்ளே வருவது. யாராவது எட்டிப் பார்த்திருந்தால், புருஷன் விட்டுப்போனதில் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். மின்னி பே கடலோரத் தெருவில் அவளைப் பற்றிச் சொல்வதற்கு இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

புருஷன் தீவைவிட்டு மெயின்லேண்டுக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பத்தை அமைத்துக்கொண்டபோது, ‘நீயும் ஊருக்குப் போய்விடு’ என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். எந்த ஊருக்கு? அவள் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர். அவள் பிறந்தது கச்சாலில். பிழைப்பது அபர்டீன் பஜாரில், ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில். மெயின்லேண்டை அவள் பார்த்ததே இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு கருமாதிக்கும்தான். போகமாட்டேன் என்று இருந்துவிட்டாள். மீன் மார்க்கெட் சாக்கடையோரம் நடுங்கிக்கொண்டிருந்த இந்தக் குட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தபோதும் புத்தி சொன்னார்கள். தனியாக இருப்பவளுக்கு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். எனக்கு வேணும்.

கங்காணி என்று பெயர் வைத்தாள். அப்பா காலத்தில் தோட்டத்தில் கங்காணி என்றால் கூலிகளுக்கு ஈரக்குலை நடுங்கும். கொழுந்து பறிக்கிறவளின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிற ஆள். இதுவும் அப்படித்தான். அடுப்படிக்குப் போனால் அடுப்படி, குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே, ராத்திரி புரண்டு படுத்தால் தலையைத் தூக்கி ஒரு மேற்பார்வை. ஒரு நாய்க்கு அந்தப் பெயரை வைத்து, ‘டேய் கங்காணி, வாடா இங்க’ என்று அதட்டிக் கூப்பிடுவதில் அவளுக்கு ஒரு குஷி இருந்தது. அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அவள் வேலைக்குக் கிளம்பினாலே குட்டி அழுது ஊளையிட ஆரம்பித்தது. தப்பு எங்கே நடந்தது என்று கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த பெங்காலி டாக்டரம்மாதான் இந்தியில் விசாரித்துக் கண்டுபிடித்தார். வேலைக்குக் கிளம்பும்போது என்ன செய்வாய் என்று கேட்டார். ஜெயராணி மறைக்காமல் சொன்னாள். குட்டியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்வாள். ‘போயிட்டு வாறேன் சாமி, அழக்கூடாது’ என்பாள். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாக இன்னொரு தடவை. படியிறங்கி ஒரு தடவை. கேட்டில் நின்று ஒரு தடவை. தெரு முனையில் திரும்பிக் கையசைப்பு. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீ கடைக்குப் போகிறாயா, காலாபானி ஜெயிலுக்குப் போகிறாயா என்று கேட்டார்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? கச்சாலில் வழியனுப்புவது அப்படித்தான். கப்பல் எப்போதாவதுதான் வரும். போகிறவர் ஒருவராக இருந்தாலும் தோட்டத்து லைன் வீடுகளே கிளம்பி ஜெட்டிக்கு வந்துவிடும். கட்டிப்பிடித்து அழுவார்கள், கப்பல் நகர்ந்த பிறகும் புள்ளியாகும்வரை கையை இறக்கமாட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் போனவன் திரும்புவதில்லை என்று ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. அந்த ஜெட்டி அழுகையைத்தான் அவள் தினமும் காலையில் ஒரு குட்டி நாய்க்கு நடத்திக் காட்டியிருக்கிறாள். இவள் கதவைத் தாண்டினால் உலகமே கவிழ்ந்துவிடும் என்று அது நம்பியதில் அதிசயமில்லை. இனி சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும், திரும்பி வந்ததும் கொஞ்சக்கூடாது, அது அழ ஆரம்பிக்கும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், வெளியே இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. எல்லாவற்றையும்விட ‘போயிட்டு வாறேன்’ என்பதை விழுங்குவதுதான் ஜெயராணிக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் விழுங்கித்தான் ஆக வேண்டும். கீழ்வீட்டுப் பொன்னம்மா கெடு வைத்துவிட்டாள்.

வீடு பொன்னம்மாவுடையது. கீழே அவளும் அவள் புருஷன் ராஜமாணிக்கமும். மேலே தகரக்கூரை போட்ட ஒற்றை அறையும் சமையலறையும் ஜெயராணிக்கு வாடகைக்கு. ராஜமாணிக்கம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து காண்டிராக்ட் எடுத்தவர். இங்கே பாதி ஜெட்டிகளில் அவர் ஊற்றிய காங்கிரீட் இருக்கிறது. இந்தக் கரையில் நின்று அதட்டினால் அந்தக் கரையில் வேலையாள் எழுந்து நிற்பான் என்று சொல்வார்கள். போன மழைக்காலத்தில் வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டு ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. பொன்னம்மா வெளியே தலைகாட்டுவது கேட் வரைக்கும்தான். அந்த கேட்டில் வைத்துத்தான் ஜெயராணியை ஒருநாள் மறித்தாள்.

“நீ அங்கிட்டுப் போன பொறவு உன் நாயி ஊளையிடுது. சீக்காளி கெடக்க வீட்டு உச்சியில நாயி ஊளையிட்டா என்ன அர்த்தம்னு உனக்கு நான் சொல்லணுமா?”

குட்டி பயத்தில் அழுகிறது, சரிசெய்துவிடலாம் என்று ஜெயராணி சொன்னாள். தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டு மலையாளத்தாள்கூட என்ன சத்தம் என்று கேட்கிறாள் என்றாள் பொன்னம்மா. இந்த மாசம் முடிவதற்குள் நாய் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் போக வேண்டும்.

“நாயையும் அனுப்ப ஏலாது, நானும் போக ஏலாதுக்கா,” என்றாள் ஜெயராணி. “அழுகைய நிறுத்திக் காட்டுறேன். மாசக் கடைசியில கேளுங்க.”

நிறுத்திக் காட்டுவதென்றால், நின்றதா இல்லையா என்று தெரிய வேண்டும். அவள் இல்லாதபோது நடப்பதை அவள் எப்படிக் கேட்பது? கேட்கக்கூடிய காது ஒன்றுதான் இருந்தது. வெட்கத்தை விட்டு அதையே பொன்னம்மாவிடம் கேட்டாள். கங்காணி அழும்போதெல்லாம் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். பொன்னம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். புகார் சொல்கிறவளையே காவலுக்கு வைக்கிற திமிர் அவளுக்குப் பிடித்ததோ என்னவோ, நம்பரைச் சொல் என்றாள்.

ஒரு வாரம் லீவு போட்டு வீட்டில் நாடகம் நடத்தினாள். சாவி, செருப்பு, கதவு. பிறகு படி. பிறகு கேட். உடைத்த தேங்காய் மூடியில் சோற்றையும் கருவாட்டுத் தூளையும் அழுத்தி அடைத்து, கிளம்புவதற்குச் சற்று முன்னால் கங்காணியின் முன்னால் வைப்பாள். அது மூடிக்குள் மூக்கை நுழைத்துப் போராடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைக்கூடத் திருப்பாமல் நழுவிவிடுவாள். திருடி மாதிரிப் போகிறோமே என்று இருக்கும். திரும்பி வரும்போது அது மேலே விழுந்து பிராண்டும். அவள் மரக்கட்டையாக நின்று, அது அடங்கிய பிறகே தொடுவாள். கொஞ்ச வேண்டிய கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஆனாலும் விடவில்லை. இந்த உலகத்தில் அவள் விட்டுக்கொடுத்தவை போதும்; இந்தக் குட்டியை விடுவதாக இல்லை.

மறுபடி வேலைக்குப் போனாள். முதல் நாள் கல்லாவுக்கு அருகில் வைத்திருந்த போன் அடித்து நின்றது. பிறகு மறுபடி. மத்தியானச் சாப்பாட்டுக்கு பஸ் பிடித்து ஓடிவந்து பார்த்தால் கங்காணி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தது. தேங்காய் மூடி துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அழுத நாய் இப்படியா இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது, தள்ளிவிட்டாள். அடுத்த நாளும் போன் அடித்தது. அதற்கடுத்த நாளும். வாடிக்கையாளருக்குப் புடவையை விரித்துக் காட்டும்போது ஒன்று, மடிக்கும்போது ஒன்று. தெலுங்கரான கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. “தீதி, உட்டாவோ, நஹி தோ பந்த் கரோ,” என்றார். எடுத்துப் பேசு, இல்லாவிட்டால் அணைத்து வை. இரண்டும் முடியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எங்கே தப்பு விடுகிறேன் என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். கருவாட்டை மாற்றினாள். படியிறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒருநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு ஸ்டாப் முன்பே பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து, தன் வீட்டுக்கே திருட்டுத்தனமாக வந்தாள். கேட்டுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் நின்றால் மாடி வராந்தாவின் கம்பித்தடுப்பு தெரியும். அவள் நினைத்துவந்தது வேறு. அங்கே கண்டது, கம்பித்தடுப்புக்குள் வெயில் விழுந்த சதுரத்தில் நான்கு காலையும் நீட்டிப் படுத்துத் தூங்குகிற கங்காணியை. வயிறு ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. அதே நேரத்தில் அவள் கையில் போன் அதிர்ந்தது. பொன்னம்மா.

அதே நேரத்தில் ஊளையும் கேட்டது. நீளமாக எழும்பி, நடுவில் உடைந்து, மறுபடி எழும்பியது. மாடியிலிருந்து இல்லை. கங்காணி காதை மட்டும் ஆட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

ஜெயராணி கேட்டைத் தள்ளினாள். முன்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்துக் கட்டிலில் ராஜமாணிக்கம் கிடந்தார். விழுந்துபோகாத பக்கத்துக் கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது. கண் இரண்டும் பின்கட்டுப் பக்கம் போயிருந்தன. இவளைக் கண்டும் நிறுத்தவில்லை. அவர் தேடியது இவளை இல்லை. அவள் அவரைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். கொல்லைப்படியில் பொன்னம்மா, தலையில் கட்டிய துண்டோடு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் போன்.

என் நாய் மேல் பழியைப் போட்டுத் தெருவெல்லாம் சொன்னாயே, ஒரு வாயில்லா ஜீவனை வீட்டைவிட்டுத் துரத்தப் பார்த்தாயே என்று ஜெயராணி கத்தினாள். வாயில்லா ஜீவன் என்ற சொல் வாயைவிட்டு வந்த பிறகுதான் கூடத்தில் கிடந்தவருக்கும் அது பொருந்துமே என்று உறைத்து நிறுத்தினாள். பொன்னம்மா திரும்பவில்லை. அப்படியே பேசினாள். அவள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும் அவருக்கு. குளிக்கப் போனால் இந்தச் சத்தம். உலை வைக்கப் போனால் இந்தச் சத்தம். சத்தம் மாடிக்குக் கேட்டுவிடும் என்று, ஜெயராணி வீட்டில் இருக்கும்போதெல்லாம் பொன்னம்மா அவர் பக்கத்தைவிட்டு அசைவதில்லை. ஜெயராணி வேலைக்குப் போன பிறகுதான் குளியலும் சமையலும். ஜெயராணி லீவு போட்ட வாரம் பொன்னம்மா ஒழுங்காகக் குளிக்கக்கூட இல்லை. முதலில் மாடியில் குட்டியும் அழுதது நிஜம். யாராவது கேட்டால் அதைக் காட்டிவிட்டாள். அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷன் இப்படி அழுகிறார் என்று எந்த வாயால் சொல்வாள்?

“சரி, நாய்னு சொன்னீங்க. எனக்கு எதுக்கு போன் அடிச்சீங்க? அது அழலைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

பொன்னம்மா தலையிலிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்தாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

“வேற யாருக்கு அடிக்க?” என்றாள்.

ஜெயராணிக்கு அதற்குமேல் சண்டை போட வரவில்லை. ஆனால் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. என் நாய் இங்கேதான் இருக்கும் என்றாள். இருக்கட்டும் என்றாள் பொன்னம்மா.

இரண்டு நாள் போன் அடிக்கவில்லை. அது நிம்மதியாக இல்லாததில் ஜெயராணிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பொன்னம்மா இந்தப் படியில் ஏறி மழைக்காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவர் அயர்ந்து தூங்குகிறார், எழுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று நின்றபடியே பேசினாள். கங்காணி அவள் புடவைக் கரையை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தது. பொன்னம்மா அதையே பார்த்தாள்.

“இதுக்கு நீ என்ன செஞ்சியோ, அத எனக்குச் சொல்லு.”

ஜெயராணிக்குப் புரிந்தது. புரிந்ததும் சங்கடமாகவும் இருந்தது. மனுஷன் வேறு, நாய் வேறு என்று இழுத்தாள்.

“எனக்குத் தெரியாதாட்டி? நாப்பது வருசமா சோறு போட்டவ நான். அவுக மனுசந்தான். பயம் ஒண்ணுதான்.” பிறகு, யாரோ மறுத்துவிட்டதுபோலக் குரலை உயர்த்தினாள். “எனக்கு பஸ்ல போவணும். சன்னல் ஓரமா உக்காந்து பஜார் வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வரணும். ஒண்ணும் வாங்காண்டாம். சும்மா போவணும். அது தப்பா?”

தப்பில்லை என்றாள் ஜெயராணி. அவளை அறியாமல் சிரிப்பும் வந்தது. புருஷன் போன பிறகு இந்தத் தெருவில் தன்னைப்போல் ‘எனக்கு வேணும்’ என்று கேட்ட இன்னொரு பொம்பளையை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அடுத்த நாளிலிருந்து கீழ்வீட்டில் நாடகம் நடந்தது. பொன்னம்மா எழுந்து நிற்பாள், உட்காருவாள். அடுப்படி வாசல்வரை போவாள், அவர் வாய் திறப்பதற்குள் திரும்பி வருவாள். ‘இந்தா வந்துட்டேன், வந்துட்டேன்’ என்று அவள் பதறி ஓடுவதைத்தான் நிறுத்தச் சொன்னாள் ஜெயராணி. பதறினால் பயம் நிஜமாகிவிடும். பொன்னம்மாவுக்கு அது வேப்பெண்ணெய் குடிப்பதுபோல் இருந்தது. ஊரில் இருக்கும் நாத்தனார் போனில் விஷயத்தைக் கேள்விப்பட்டு, கட்டின புருஷனை நாயாக்கிவிட்டாயா என்று ஏசினாள். நீ வந்து பக்கத்தில் உட்காரு, நான் வெளியே போகிறேன் என்று சொல்லிப் பொன்னம்மா போனை வைத்துவிட்டாள். சில நாள் பின்கட்டுவரை ஆனது. சில நாள் ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. ஒருநாள் அவர் கோபத்தில் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டார். பொன்னம்மா துடைத்துவிட்டு மறுபடி எழுந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயராணி கங்காணியோடு கீழே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். பொன்னம்மா ஊதா நிறத்தில் சுங்கடி உடுத்தியிருந்தாள். மடிப்பு இன்னும் விறைப்பாக நின்றது. அவருக்கு இட்லியை ஊட்டி, வாயைத் துடைத்து, ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்துவைத்தாள். கடல்காற்று உள்ளே வந்தது. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் நடந்தாள்.

அவர் கண் அவளோடு போனது. வாசல்வரை போனது. வாசலில் அவள் மறைந்ததும் கை கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது. கேட் கிறீச்சிடும்போது அந்த அழுகை ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் திறந்திருந்ததால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டு வாசலில் கூட்டிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள்.

கேட்டுக்கு வெளியே பொன்னம்மா நின்றுவிட்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. தோள் ஒரு தடவை வீட்டுப்பக்கம் திரும்பப் பார்த்தது. கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. போக்கா, என்று ஜெயராணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். போ.

எதிர்வீட்டுக்காரி என்னவோ கேட்டாள். பொன்னம்மா அவளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “எங்க வீட்டுக்காரருதான் அழுதாவ,” என்றாள். சொல்லிவிட்டுச் சாலைக்கு இறங்கிக் கையை நீட்டினாள். பஸ் நின்றது.

ராஜமாணிக்கம் நிறுத்தவில்லை. கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. ஜெயராணி நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கத்துங்கண்ணே. வேணுங்கிற மட்டும் கத்துங்க. அக்கா வருவாங்க. இப்ப இல்ல.”

ஜன்னலுக்கு வெளியே பஸ் கடலோரமாகத் திரும்பியது. பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஊதாப் புடவைத் தலைப்பு காற்றில் வெளியே பறந்தது. அதை இழுத்துச் செருக ஒரு கை நீண்டது; பாதியில் நின்றது; பிறகு அதைப் பறக்க விட்டுவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.